ஸ்மார்ட் வொட்ச் வாங்க முன் ஒரு வார்த்தை

சுபஹுக்குப் பிறகு நடக்கிறவர்களும் ஓடுகிறவர்களும் நமது ஊரில் கூடியிருக்கிறார்கள். கடற்கரை வீதியிலும் பாடசாலை மைதானத்திலும் வாலிபர்கள் மட்டுமல்ல, பென்ஷன் எடுத்த சேர்மாரும் கடைக்காரர்களும் வேர்க்க வேர்க்க வருகிறார்கள். மாஷா அல்லாஹ், சந்தோஷமான விடயம். சீனி வருத்தமோ பிரஷரோ இல்லாத வீடு நம்மிடையே குறைவு. அதைப் பார்த்துத்தான் பலரும் காலை எடுத்து வீதியில் வைத்திருக்கிறார்கள்.

இதோடு சேர்ந்து ஒரு கேள்வியும் வந்திருக்கிறது. "சேர், எந்த வொட்ச் நல்லம்?" ஆசிரியர் ஓய்வறையில் கேட்கிறார்கள், கல்யாண வீட்டில் கேட்கிறார்கள், பள்ளி வாசலில் செருப்பைப் போடும்போதும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லி முடியாது என்பதால் நாங்கள் நினைப்பதை இங்கே ஒரேயடியாக எழுதுகிறோம். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இருபது விடயத்தை அளப்பதாகச் சொல்லும் வொட்சை விடுங்கள். நேரம், தூரம், இதயத் துடிப்பு என்ற மூன்றையும் ஒழுங்காக அளக்கிற ஒன்றை எடுங்கள். சீனியையும் பிரஷரையும் மணிக்கட்டில் பார்க்கலாம் என்று நம்பி ஒரு மருந்தையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். இந்தக் கடைசி வசனத்தை மட்டும் வாசித்துவிட்டுப் போனாலும் போதும்.

ஏன் இதைத் தலையில் வைத்துச் சொல்கிறோம் என்றால், ஒன்லைனில் வரும் விளம்பரங்களைப் பாருங்கள். ஒரு ஜோடிச் சப்பாத்தின் விலையில் வொட்ச். பெட்டியில் எழுதியிருப்பது: இதயத் துடிப்பு, இரத்த அழுத்தம், இரத்தத்தில் ஒட்சிசன், இரத்தத்தில் சீனி, உடல் வெப்பம், மன அழுத்தம். விரலில் குத்தத் தேவையில்லை, வலியில்லை. வாப்பாவுக்கோ உம்மாவுக்கோ வாங்கிக் கொடுக்க நினைக்கும் பிள்ளையின் மனதை இழுக்கிற விளம்பரம் அது.

அந்த வொட்சின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பச்சை லைட் மின்னும். இரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். இதயம் ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் தோலுக்கடியில் இரத்தம் கொஞ்சம் கூடும், அப்போது திரும்பி வரும் ஒளி கொஞ்சம் குறையும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணினால் நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்று தெரியும். இது உண்மையான, நன்றாக வேலை செய்கிற முறை. ஆனால் அந்த லைட்டுக்கு இரத்தத்தில் எவ்வளவு சீனி இருக்கிறது என்று தெரியாது. 2024 பெப்ரவரியில் அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இதைப் பகிரங்கமாகவே சொன்னது: தோலைக் குத்தாமல் தானாகச் சீனியை அளக்கும் எந்த ஸ்மார்ட் வொட்சுக்கும், எந்த மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி கொடுக்கவில்லை, அவற்றைப் பாவிக்க வேண்டாம் என்று.

ஒரு விளக்கம். சிலர் கையின் மேற்பகுதியில் ஒரு சிறிய சென்சரை ஒட்டிக்கொண்டு, அதன் எண்ணை வொட்சில் பார்ப்பார்கள். அது வேறு. அந்தச் சென்சரின் மெல்லிய இழை தோலுக்கடியில் இருக்கிறது, அளப்பது அதுதான். வொட்ச் வெறும் பலகை, எண்ணை எழுதிக் காட்டுகிறது. அதை வைத்தியரிடம் கேட்டுப் பாவிப்பதுதான் நல்லது.

பிரஷர் விடயமும் இப்படித்தான். சம்சுங் வொட்ச் பிரஷர் காட்டுகிறதே என்று சிலர் கேட்கிறார்கள். அந்தக் கம்பனியே என்ன சொல்கிறது தெரியுமா? கையில் சுற்றிக் காற்றடிக்கும் சாதாரண பிரஷர் மெஷினால் முதலில் பார்த்து, அந்த எண்ணை வொட்சுக்குக் கொடுக்க வேண்டும். 28 நாளைக்கு ஒருமுறை திரும்பவும் அப்படிச் செய்ய வேண்டும். ஹுவாவி கம்பனியின் வொட்ச் டீ என்ற வகையில் பட்டிக்குள்ளேயே காற்று நிரம்பும் பை இருக்கிறது, அதனால் அது உண்மையிலேயே கையை இறுக்கிப் பிடித்து அளக்கிறது. காற்றுப் பையும் இல்லை, மெஷினோடு ஒப்பிடவும் கேட்கவில்லை, ஆனாலும் 120க்கு 80 என்று காட்டுகிறது என்றால் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று நீங்களே யோசியுங்கள். துணியைச் சுருட்டி அதில் கட்டி வைத்தாலும் துடிப்பும் பிரஷரும் காட்டுகிற வொட்சுகள் இருக்கின்றன. கடையில் வைத்தே ஒருமுறை செய்து பாருங்கள், கடைக்காரர் கோபிக்க மாட்டார்.

ஆசிரியர் கலாசாலையில் மதிப்பீடு பற்றிப் படித்தபோது எங்களுக்குச் சொல்லித் தந்த ஒரு பாடம் இந்த இடத்துக்கு அப்படியே பொருந்தும். ஒரு வினாத்தாள் எத்தனை தரம் கொடுத்தாலும் ஒரே மாதிரிப் புள்ளி தந்துவிட்டால் மட்டும் அது நல்ல வினாத்தாள் ஆகிவிடாது. எதை அளக்க வந்ததோ அதைத்தான் அளக்கிறதா என்று பார்க்க வேண்டும். கணிதப் பரீட்சையில் கையெழுத்துக்குப் புள்ளி போட்டால், அந்தப் புள்ளி மாறாமல் வரலாம், ஆனால் பிள்ளைக்குக் கணக்குத் தெரியுமா என்று அது சொல்லாது. சீனி காட்டும் வொட்சும் அப்படித்தான். ஒவ்வொரு நாளும் 110, 115, 108 என்று அழகாகக் காட்டும். பார்க்கிறவருக்கு மனம் ஆறும். மாதாந்தக் கிளினிக்குக்குப் போகாமல் விடுவார். நடக்கும் ஆபத்து அதுதான்.

மற்றப் பக்கமும் இருக்கிறது. சீனிக்குக் குளிசை போடுகிறவர், இன்சுலின் அடிக்கிறவர் வெறும் வயிற்றில் ஓடும்போது சீனி திடீரென்று இறங்கலாம். கை நடுங்கும், குளிர வேர்க்கும், தலை சுற்றும். அந்த நேரத்தில் வொட்ச் 105 என்று காட்டினால் அவர் தொடர்ந்து ஓடுவார். அவருக்குத் தேவை சட்டைப் பைக்குள் இரண்டு டொபி அல்லது ஒரு பொட்டலம் சீனி, கூட ஓடுவதற்கு ஒரு ஆள், வைத்தியரிடம் கேட்டு வைத்த ஒரு திட்டம். நோன்பு காலத்தில் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். நீங்கள் நோன்பா இல்லையா என்பது வொட்சுக்குத் தெரியாது.

நெஞ்சு வலி பற்றியும் ஒரு வசனம். 2018இலிருந்து அப்பிள் வொட்சுகள் சிலவற்றில் இதயத்தின் மின்வரைபு எடுக்கும் வசதி இருக்கிறது. அது சீரற்ற துடிப்பைக் கண்டுபிடிக்க உதவும். மாரடைப்பை அது கண்டுபிடிக்காது, அதை அந்தக் கம்பனியே எழுதி வைத்திருக்கிறது. நெஞ்சை அழுத்துகிறது, இடது கை இழுக்கிறது என்றால் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

சரி, அப்படியென்றால் வொட்ச் எதற்கு என்று கேட்பீர்கள். ஓடுகிறவருக்கு அது உண்மையிலேயே நல்ல துணை. அதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. இனி அதைப் பார்ப்போம்.

முதலாவது தூரம். ஆகாயத்தில் சுற்றும் செய்மதிகளிலிருந்து வரும் சமிக்ஞையைப் பிடித்து நாம் நிற்கும் இடத்தைக் கணிப்பதுதான் ஜீ.பீ.எஸ். 2000ஆம் ஆண்டு மே மாதம் வரை பொதுமக்களுக்கு வரும் சமிக்ஞையை அமெரிக்கா வேண்டுமென்றே பிழையாக்கி வைத்திருந்தது. அதை நிறுத்திய பிறகுதான் சாதாரண மனிதன் தன் ஓட்டத்தை நம்பி அளக்க முடிந்தது. 2003இல் கார்மின் கம்பனி போரன்னர் என்ற பெயரில் ஓடுகிறவர்களுக்கான வொட்சைக் கொண்டு வந்தது. இன்று ரஷ்யா, ஐரோப்பா, சீனா ஆகியவற்றின் செய்மதிகளையும் சேர்த்துப் பிடிக்கிற வொட்ச் நடுத்தர விலையிலேயே கிடைக்கிறது.

இங்கேதான் ஒரு குழி இருக்கிறது. "ஜீ.பீ.எஸ். உண்டு" என்று பெட்டியில் போட்டிருக்கும். அது வொட்சுக்குள்ளேயே இருக்கிறதா, அல்லது உங்கள் போனின் ஜீ.பீ.எஸ்.ஸைக் கடன் வாங்குகிறதா என்று கேளுங்கள். கடன் வாங்குவது என்றால் போனையும் பையில் போட்டுக்கொண்டு ஓட வேண்டும். பெயரில் ஒரு சொல் மாறினால் இந்த வசதி இல்லாமல் போகும். ரெட்மி வொட்ச் 3இல் சொந்த ஜீ.பீ.எஸ். இருக்கிறது, ரெட்மி வொட்ச் 3 எக்டிவில் இல்லை. அமேஸ்பிட் பிப் 3இல் இல்லை, பிப் 3 புரோவில் இருக்கிறது. கடையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், பார்வைக்கு ஒரே மாதிரித்தான். ஆகவே முழுப் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள்.

வாங்கிய பிறகு அது சரியாக அளக்கிறதா என்று சோதிக்கலாம். 400 மீற்றர் மைதானம் இருந்தால் உள் ஓடுபாதையில் 10 சுற்று ஓடுங்கள், 4 கிலோமீற்றர் வர வேண்டும். வளைவுகளில் ஜீ.பீ.எஸ். கொஞ்சம் தடுமாறும், அதனால் 4.1 வந்தாலும் குறை சொல்ல வேண்டாம். மைதானம் இல்லாதவர்கள் பிரதான வீதிக் கரையில் நட்டிருக்கும் கிலோமீற்றர் கற்களை வைத்துப் பார்க்கலாம். விடியற்காலையில், வாகனத்துக்கு எதிர்ப்பக்கமாக, கவனமாக. இன்னொரு விடயம், வொட்ச் செய்மதியைப் பிடிக்கும் வரை ஒரு நிமிடம் அசையாமல் நின்றுவிட்டு ஓடத் தொடங்குங்கள். பாதிப் பேர் "தூரம் பிழையாகக் காட்டுது" என்று சொல்வது அந்த ஒரு நிமிடம் நிற்காததால்தான்.

இரண்டாவது இதயத் துடிப்பு. 1982இல் பின்லாந்தின் போலார் கம்பனி வயரில்லாமல் துடிப்பைக் காட்டும் கருவியைக் கொண்டு வந்தபோது அது நெஞ்சில் கட்டும் பட்டி. இன்றைக்கும் துல்லியத்தில் நெஞ்சுப் பட்டிக்குத்தான் முதலிடம். மணிக்கட்டில் பார்க்கும் வொட்ச் சாதாரண ஓட்டத்துக்குப் போதும், ஆனால் ஒழுங்காகக் கட்ட வேண்டும். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, ஆடாமல், அதே நேரம் இரத்தம் ஓடாத அளவுக்கு இறுக்காமல். வளையல் மாதிரித் தொங்கவிட்டால் வெளிச்சம் உள்ளே புகுந்து எண் கெட்டுவிடும். ஓடும்போது காலடி நிமிடத்துக்கு 160, 170 என்று விழும். தளர்வாகக் கட்டிய வொட்ச் சில நேரம் அந்தக் காலடியை எண்ணிவிட்டு அதைத் துடிப்பு என்று காட்டும். மெதுவாக ஓடும்போதே 170 காட்டுகிறதே என்று பயப்படுகிறவர்கள் முதலில் பட்டியைச் சரி செய்து பாருங்கள்.

220இல் இருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு வரும் என்ற கணக்கை வைத்துத்தான் பல வொட்சுகள் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று காட்டுகின்றன. அது ஒரு சராசரி. ஒரே வயதுள்ள இரண்டு பேருக்கு இடையில் பத்துப் பதினைந்து துடிப்பு வித்தியாசம் இருப்பது சாதாரணம். நமது கரையோர வெக்கையில் அதே வேகத்துக்குத் துடிப்பு இன்னும் கூடும். புதிதாக ஓடுகிறவருக்கு இதைவிட நல்ல அளவு அவருடைய வாய்தான். பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வசனமாகப் பேச முடிந்தால் வேகம் சரி. இரண்டு சொல்லுக்கு மேல் வரவில்லை என்றால் குறைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது பெட்டரி. 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை லைட் போன நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த நேரத்தில் போனுக்கே சார்ஜ் இல்லை. அப்பிள் வொட்சுகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்தக் கம்பனி வருடக்கணக்காகச் சொல்லி வந்தது 18 மணித்தியாலம், அதாவது தினமும் சார்ஜ் போட வேண்டும். ஓடுகிறவர்களுக்கென்று செய்யும் வொட்சுகள் வேறு மாதிரி. கார்மின் போரன்னர் 55க்குச் சொல்லப்படுவது இரண்டு வாரம். அதே வொட்சில் ஜீ.பீ.எஸ்.ஸை விடாமல் ஓட விட்டால் 20 மணித்தியாலம். ஆகவே பெட்டரி என்று கேட்டால் இரண்டு எண் கேட்க வேண்டும்: சும்மா கட்டியிருக்கும்போது எத்தனை நாள், ஓடும்போது எத்தனை மணித்தியாலம். முதலாவதை மட்டும் பெரிய எழுத்தில் போடுவார்கள். இரண்டு மூன்று வருடத்தில் பெட்டரி தேயும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். தொடக்கத்திலேயே ஒரு நாள் மட்டும் தாங்குவது தேய்ந்தால் மஃரிபுக்கு முன் அணைந்துவிடும்.

பெட்டரியோடு திரையும் சம்பந்தப்பட்டது. கடைக்குள் பளபளவென்று மின்னும் அமோலெட் திரை கண்ணுக்கு அழகு, ஆனால் பெட்டரியைத் தின்னும். சில ஓட்ட வொட்சுகளின் மங்கலான திரை கடைக்குள் பழைய சாமான் மாதிரித் தெரியும், வெயிலில் கொண்டு போனால் அதுதான் தெளிவாகத் தெரியும், பெட்டரியும் நிற்கும். கடைக்கு வெளியே வந்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். பக்கத்தில் பொத்தான் உள்ளதாகவும் பாருங்கள். வேர்த்த விரலுக்கும் மழைத்துளிக்கும் தொடுதிரை சொன்னதைக் கேட்காது.

இனி அன்றாடப் பாவனை. ஓடுவது ஒரு மணித்தியாலம், மிச்ச நேரமெல்லாம் நாம் தொழுகிறோம், படிப்பிக்கிறோம், கடையில் நிற்கிறோம், சமைக்கிறோம். அதற்கும் அந்த வொட்ச் பொருந்த வேண்டும்.

ஒரு நாளைக்கு ஐந்து தடவை வுழூ எடுக்கிறவர்கள் நாம். தோல் நனைய வேண்டும் என்பதால் வொட்சைக் கழற்றுவோம் அல்லது தளர்த்துவோம். ஆகவே ஒரு கையால் கழற்றிப் போட இலகுவான பட்டியாக எடுங்கள். கழற்றினால் ஹவ்ழ் ஓரத்தில் வைக்காமல் சட்டைப் பைக்குள் போடுங்கள், எத்தனை வொட்ச் அப்படிப் போயிருக்கிறது. ஈரக் கையில் சிலிக்கன் பட்டியை உடனே இறுக்கிக் கட்டினால் சில நாளில் அந்த இடம் சிவந்து கடிக்கத் தொடங்கும். துடைத்துவிட்டுக் கட்டினால் அந்தப் பிரச்சினை இல்லை.

தண்ணீர் விடயத்தில் பெட்டியில் எழுதியிருப்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். 5 ஏ.டி.எம். என்றால் 50 மீற்றர் ஆழத்துத் தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமமான சோதனையைத் தாங்கியது என்று அர்த்தம். 50 மீற்றர் முக்குளிக்கலாம் என்று அர்த்தமில்லை. குளிக்க, நீந்த, மழையில் ஓட அது போதும். ஐ.பீ.67 என்றால் 1 மீற்றர் நல்ல தண்ணீரில் 30 நிமிடம், அவ்வளவுதான். சவர்க்காரமும் சுடுதண்ணீரும் உள்ளேயுள்ள றப்பரைக் கெடுக்கும். கடலில் இறங்கினால் வந்தவுடன் நல்ல தண்ணீரில் அலசுங்கள், உப்பு சார்ஜ் ஏற்றும் இடத்தை அரிக்கும்.

உங்கள் போனுக்கு அது பொருந்துமா என்று பாருங்கள். அப்பிள் வொட்ச் அன்ட்ரொய்ட் போனோடு சேராது. சம்சுங்கின் கெலக்ஸி வொட்ச் 4இலிருந்து வந்தவை ஐபோனோடு சேராது. போன் மாற்ற நினைக்கிறவர்களுக்கு இது பெரிய விடயம்.

தமிழ் தெரியுமா என்றும் பாருங்கள். நமது வட்ஸ்அப் குறூப்புகளில் பாதி தமிழில்தான் வருகிறது. சில வொட்சுகள் தமிழ் எழுத்துக்குப் பதிலாகப் பெட்டி பெட்டியாகக் காட்டும், சில கொம்பையும் காலையும் எழுத்திலிருந்து பிரித்து எறியும். கடையிலேயே போனோடு இணைத்து, யாரையாவது ஒரு தமிழ் மெசேஜ் அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. வகுப்பில் பாடம் நடக்கும்போது மணிக்கட்டு அதிர்ந்து ஒரு கணம் குனிந்து பார்த்தால், நாற்பது பிள்ளைகளும் அதைப் பார்ப்பார்கள். ஸப்பில் நிற்கும்போதும் அப்படித்தான். அறிவிப்புகளை நிறுத்தும் வசதியை எங்கே தட்டுவது என்று முதல் நாளிலேயே படித்து வைத்துக்கொள்ளுங்கள். பரீட்சை மண்டபத்துக்குள் ஸ்மார்ட் வொட்சுக்கு இடமில்லை. சாதாரண தர, உயர்தரப் பிள்ளைகள் எழுதும்போது சாதாரண மணிக்கூட்டைக் கட்டிப் பழகட்டும்.

கட்டாரிலிருந்தும் சவூதியிலிருந்தும் வரும் மச்சான்மார், நானாமார் வொட்ச் கொண்டு வந்து தருகிறார்கள். அன்புக்கு நன்றி. ஆனால் அங்கே கொடுத்த வொரண்டி இங்கே செல்லுமா, இங்கே அந்தக் கம்பனிக்கு முகவர் இருக்கிறாரா என்று அவர்கள் வாங்க முன் கேட்கச் சொல்லுங்கள். ஒரு சார்ஜ் வயர் உடைந்தால்கூட அந்த வயர் வேறு எதற்கும் பொருந்தாது. பெரிய கம்பனியின் உருவத்தில், "அல்ட்ரா" என்ற பெயரில், அசலின் பத்தில் ஒரு பங்கு விலையில் வருவதை அன்பளிப்பாகக் கூட வாங்க வேண்டாம். சீனி காட்டுவதும் பிரஷர் காட்டுவதும் பெரும்பாலும் அந்த வகைதான்.

சகோதரிகளுக்கு முக்கியமான ஒன்று. ஓட்டத்தைப் பதியும் செயலிகள் நாம் எங்கே தொடங்கினோம், எந்த வழியால் போனோம், எத்தனை மணிக்கு வீடு வந்தோம் என்பதை வரைபடத்தில் கீறி வைக்கும். சில செயலிகளில் நாம் மாற்றாவிட்டால் அது எல்லோருக்கும் தெரியும். ஸ்ட்ராவா என்ற செயலி வெளியிட்ட உலக வரைபடத்தில், பாலைவனத்தில் இருந்த இராணுவ முகாம்களின் உருவமே தெரிகிறது என்று 2018 ஜனவரியில் செய்தி வந்தது. முகாமுக்குள் சிப்பாய்கள் ஓடிய வழிகள்தான் அவை. இராணுவத்துக்கே அப்படியென்றால் நமக்கு? செயலியைத் திறந்ததும் முதல் வேலையாக, உங்கள் ஓட்டம் உங்களுக்கு மட்டும் தெரியும்படி மாற்றுங்கள். வீட்டைச் சுற்றியுள்ள பகுதியை மறைக்கும் வசதியையும் போடுங்கள். ஆண்களும் செய்யலாம், ஆனால் பெண்கள் கட்டாயம் செய்யுங்கள்.

வீட்டு முற்றத்திலும் மொட்டை மாடியிலும் நடக்கும் சகோதரிகளுக்கு ஜீ.பீ.எஸ். தேவையே இல்லை. மெல்லிய கைப்பட்டி ஒன்று போதும். அது காட்டும் 10,000 அடிக்கு வரவில்லை என்று கவலைப்படவும் வேண்டாம். அந்த எண் மருத்துவத்தில் பிறந்ததல்ல. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு அடி எண்ணும் கருவிக்கு "பத்தாயிரம் அடி மானி" என்று பெயர் வைத்தார்கள், பெயர் நிலைத்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது வளர்ந்தவருக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி. ஐந்து நாள் அரை மணித்தியாலம் விறுவிறு என்று நடந்தால் அது வந்துவிடும். அதை அளக்கச் சுவரில் தொங்கும் மணிக்கூடே போதும்.

இதற்கெல்லாம் எதிராக ஒரு கருத்து இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். "வொட்ச் கட்டிய பிறகுதான் எனக்கு ஓடுகிற ஆசையே வந்தது" என்று சிலர் சொல்கிறார்கள். உண்மை. எண் ஏறுவதைப் பார்த்தால் மனிதனுக்கு உற்சாகம் வரும். பிள்ளைகளுக்கு நட்சத்திரம் போடுகிற நாங்கள் அதை மறுக்க மாட்டோம். ஆனால் லாச்சிக்குள் சார்ஜ் இறங்கிக் கிடக்கும் வொட்சுகளையும் நாங்கள் கண்டிருக்கிறோம். ஆகவே எங்கள் யோசனை இது. நான்கு கிழமை உங்கள் கையிலிருக்கும் போனையே வைத்து ஓடுங்கள். அதிலும் ஜீ.பீ.எஸ். இருக்கிறது, இலவசச் செயலியும் இருக்கிறது. நான்கு கிழமை முடிந்தும் நீங்கள் ஓடிக்கொண்டிருந்தால், வொட்சிலிருந்து உங்களுக்கு என்ன தேவை என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். அப்போது வாங்குங்கள்.

காசை எந்த வரிசையில் செலவழிப்பது என்றும் கேட்கிறார்கள். முதலில் கால். பாதத்துக்குப் பொருந்திய நல்ல சப்பாத்து இல்லாமல் வொட்ச் வாங்குவது, கூரை இல்லாத வீட்டுக்குத் திரைச்சீலை போடுவது போல. இரண்டாவது, வீட்டில் சீனியோ பிரஷரோ உள்ளவர் இருந்தால் விரலில் குத்திப் பார்க்கும் மெஷினும், மேற்கையில் சுற்றும் பிரஷர் மெஷினும். வொட்ச் அதற்குப் பிறகு. தவணைக்கு எடுத்துக் கட்ட வேண்டிய சாமான் அது அல்ல. இல்ல விளையாட்டுப் போட்டி வருகிறது, மரதன் ஓட ஸ்மார்ட் வொட்ச் வேண்டும் என்று பிள்ளை கேட்டால், சேரின் கையில் ஸ்டொப் வொட்ச் இருக்கிறது என்று சொல்லுங்கள். எத்தியோப்பியாவின் அபேபே பிக்கிலா 1960 ரோம் ஒலிம்பிக்கில் 42.195 கிலோமீற்றர் மரதனைச் சப்பாத்துக் கூட இல்லாமல் ஓடித் தங்கம் எடுத்தார்.

கடைக்குப் போகும்போது கையில் வைத்துக்கொள்ள ஒரு சுருக்கம் தருகிறோம்.

வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் வீதியில் ஓடுகிறவர்: சொந்த ஜீ.பீ.எஸ்., 5 ஏ.டி.எம்., பொத்தான், ஒரு கிழமைக்குக் குறையாத பெட்டரி. இந்த நான்கும் இருந்தால் போன வருட மொடல் என்றாலும் எடுங்கள், ஓடும் தூரம் ஒன்றுதான்.

நடக்கிறவர், வீட்டுக்குள் பயிற்சி செய்கிறவர்: நம்பகமான கம்பனியின் சாதாரண கைப்பட்டி.

போன் அழைப்பும் மெசேஜும்தான் முக்கியம், ஓட்டம் சில நாள் மட்டும் என்பவர்: உங்கள் போனுக்குப் பொருந்தும் ஸ்மார்ட் வொட்ச், தினமும் சார்ஜ் போடும் பொறுமை இருந்தால்.

சீனி, பிரஷர் பார்க்க வேண்டியவர்: வொட்ச் கடைக்குப் போக வேண்டாம். கிளினிக்குக்குப் போங்கள்.

கடைசி வரியில் உள்ளவர் உங்கள் வாப்பாவாகவோ உம்மாவாகவோ இருக்கலாம். இன்றிரவு அவர் கையைப் பிடித்துப் பாருங்கள். சீனி காட்டும் வொட்ச் கட்டியிருந்தால், அவர் மனம் நோகாமல் விடயத்தை எடுத்துச் சொல்லுங்கள். அவர் அந்த எண்ணை நம்பி எத்தனை நாளாகக் கிளினிக் கொப்பியைத் திறக்கவில்லை என்றும் கேளுங்கள். அடுத்த கிளினிக் நாளுக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.